டன்னுக்கு ஒன்றரைக் கிலோ

பன்றித் தீவன மூட்டையில் 'கச்சாப் புரதம் 18 சதவீதம்' என்றோ 16 சதவீதம் என்றோ அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். எண் கூடினால் தீவனம் உசத்தி, விலையும் உசத்தி. ஆனால் அந்த எண்ணைக் கணக்கிட்டுக் கொடுத்த ஆய்வுக்கூடத்தில் யாரும் புரதத்தை அளக்கவில்லை. அளந்தது நைட்ரஜனை.

இந்த முறையைக் கொடுத்தவர் யோஹான் கெல்டால். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பீருக்கு வரும் பார்லியில் புரதம் எவ்வளவு என்று சுருக்காகத் தெரிந்துகொள்ள ஆலைக்கு ஒரு வழி தேவைப்பட்டது. தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிடித்து அளக்கும் முறையை அவர் 1883இல் வெளியிட்டார். புரதத்தின் எடையில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம் என்று வைத்துக்கொண்டார்கள். உலகத் தீவன வணிகம் இன்றும் இந்தப் பெருக்கலை நம்பித்தான் நடக்கிறது.

நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்தச் சோதனை கேட்பதில்லை. தட்டும் கிண்ணமும் செய்யப் பயன்படும் மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் கணக்கில் அதன் 'புரதம்' 400 சதவீதத்தைத் தாண்டும். 2007இல் அமெரிக்காவில் விற்ற நாய், பூனைத் தீவனத்திலும், 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரிலும் மெலமைன் புகுந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். சீனாவில் ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன.

அது மோசடி. கலப்படமே இல்லாத மூட்டையிலும் அந்த எண் பன்றிக்கு வேண்டியதைச் சொல்வதில்லை. சோயா புண்ணாக்கையும் கடலைப் புண்ணாக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் புரதம் ஏறத்தாழ 45 சதவீதம். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிற நாளில், 'புரதம் ஒன்றுதானே' என்று சோயாவை எடுத்துவிட்டு அதைப் போட்டால், குட்டிகளின் வளர்ச்சி மந்தமாகிவிடும். கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் சோயாவில் இருப்பதில் பாதி அளவுக்குத்தான் தேறும்.

புரதம் என்பது சுமார் 20 வகை அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் கோத்த சங்கிலி. அவற்றில் ஏறக்குறைய பாதியைப் பன்றியின் உடல் தானே செய்துகொள்ளும். மீதியைத் தீவனம்தான் தரவேண்டும். இது எலிகளை வைத்துத் தெளிவானது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தாமஸ் ஆஸ்பர்ன், லஃபாயெட் மெண்டல் என்ற இருவர் தங்கள் எலிகளுக்கு மக்காச்சோளத்தின் முக்கியப் புரதமான சீயினை மட்டும் ஒரே புரதமாகக் கொடுத்தார்கள். எலிகள் மெலிந்தன. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்ததும் மெலிவது நின்றது, ஆனால் வளரவில்லை. லைசினையும் சேர்த்தபோது வளர்ந்தன. 1914இல் வெளிவந்த இந்த வேலையை இன்றைய தீவனக் கணக்கின் தொடக்கம் என்றே சொல்லலாம். புரதம் நிறைய இருந்தும் எலி வளரவில்லை, இரண்டே பொருள்கள் சிறிதளவு சேர்ந்ததும் வளர்ந்துவிட்டது.

பசுவுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் யூரியாவிலிருந்துகூட அமினோ அமிலங்களைச் செய்துவிடும். பசு பிறகு அந்த நுண்ணுயிரிகளையே செரித்துக்கொள்ளும். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. வாயில் போன அமினோ அமிலம்தான் கணக்கு.

கதம்பம் தொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று மாற்றி மாற்றி வைத்துக் கட்டுகிறார். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கூடை நிறைய மல்லிகை இருந்தும் சரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மிஞ்சிய மல்லிகையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாலும் முடியாது, வாடிவிடும். பன்றியின் தசை கட்டும் வேலையும் இப்படித்தான். எது முதலில் தீர்கிறதோ அதுதான் வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கிறது. தானியமும் சோயாவும் கலந்த பன்றித் தீவனத்தில் பெரும்பாலும் முதலில் தீர்வது லைசின்.

மிஞ்சிய அமினோ அமிலங்களை உடல் சேமித்துவைப்பதில்லை. கல்லீரல் அவற்றிலிருந்து நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. இதற்கு ஆற்றல் செலவாகிறது, உடலில் சூடு கூடுகிறது, தண்ணீரும் கூடுதலாக வேண்டும். பன்றி வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் விலங்கு அல்ல. ஆகவே வெயில் நாட்டில் அதிகப் புரதம் கொடுப்பதில் காசு விரயம் மட்டுமல்ல, பன்றிக்குச் சிரமமும் இருக்கிறது. தீவனத்தில் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்து, அமினோ அமிலச் சமநிலையைக் கெடாமல் வைத்தால், கழிவில் போகும் நைட்ரஜன் 8 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. கொட்டகையில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியும் அதோடு குறையும்.

அப்படியானால் எந்த அமினோ அமிலம் எவ்வளவு வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் தனி அளவு சொல்வதைவிட, லைசினை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதமாகச் சொல்வது வழக்கமானது. பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் 1981இல் வெளியிட்ட பன்றி ஊட்டத் தேவை நூல் இந்த 'இலட்சியப் புரதம்' என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. வளரும் பன்றிக்கு லைசின் 100 என்றால் திரியோனின் ஏறத்தாழ 60, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 56, டிரிப்டோபான் 17 அல்லது 18, வாலின் 65 என்ற அளவில் வரும். லைசினை அளவுகோலாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. உடலுக்குள் போகும் லைசினில் பெரும்பகுதி தசை கட்டவே பயன்படுகிறது, வேறு வேலைகளுக்கு அதிகம் சிதறுவதில்லை. திரியோனின் அப்படியில்லை. குடலின் உட்சுவரைப் பூசியிருக்கும் சளியில் அது நிறையப் போய்விடுகிறது. அழுக்கான கொட்டகையில் குடல் போராடவேண்டியிருந்தால் இன்னும் அதிகமாகப் போகும். டிரிப்டோபானிலிருந்து செரடோனின் உருவாகிறது. டிரிப்டோபான் குறைந்தால் பன்றி தீனி எடுப்பதும் குறையும்.

விகிதம் பெரிதாக மாறாவிட்டாலும் அளவு வயதோடு இறங்கிக்கொண்டே வரும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 7 முதல் 11 கிலோ எடையுள்ள குட்டிக்குத் தீவனத்தில் 1.35 சதவீதம் செரிக்கக்கூடிய லைசின் வேண்டும். 25 முதல் 50 கிலோ வரை 0.98, 100 கிலோவைத் தாண்டியபின் 0.61. எல்லாப் பன்றிக்கும் ஒரே மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிற பண்ணையில் குட்டிகள் அரைப்பட்டினி, பெரிய பன்றிகள் விரயம், இரண்டும் ஒரே நாளில் நடக்கின்றன.

மேலே 'செரிக்கக்கூடிய' என்று எழுதியதற்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது. தீவனத்தில் இருக்கும் லைசின் முழுதும் உடலில் சேர்வதில்லை. எவ்வளவு சேர்கிறது என்று அறியச் சாணத்தை அளந்தால் ஏமாந்துபோவோம். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மிஞ்சிய அமினோ அமிலங்களைத் தின்று உருமாற்றிவிடும். அங்கே காணாமல் போவது பன்றிக்குப் பயன்படுவதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் சிறுகுடல் முடியும் இடத்தில் சிறிய குழாய் ஒன்றை அறுவைசிகிச்சை செய்து பொருத்தி, அங்கே வருவதைச் சேகரித்து அளக்கிறார்கள். அப்படி அளந்ததில் சோயா புண்ணாக்கின் லைசினில் 89 சதவீதம் உடலுக்குக் கிடைக்கிறது, மக்காச்சோளத்தில் 74 சதவீதம்தான்.

சூடும் ஒரு கண்ணி. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் அதை வேகவைத்தே ஆகவேண்டும். சோயா வேகாமல் எலிகள் சரியாக வளர்வதில்லை என்று 1917இல் எழுதியவர்களும் அதே ஆஸ்பர்னும் மெண்டலும்தான். ஆனால் சூடு மிஞ்சினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்துகொண்டு பன்றிக்கு உதவாமல் போய்விடும். கருகிய புண்ணாக்கிலும் நைட்ரஜன் அப்படியே இருக்கும், கெல்டால் சோதனையில் தேர்ச்சியும் பெறும். புண்ணாக்கு கருஞ்சிவப்பாக இருந்தால் வாங்கத் தயங்கும் வியாபாரிக்கு இந்த வேதியியல் தெரியாமல் இருக்கலாம், முடிவு சரிதான்.

இனி கணக்கு. 25 முதல் 50 கிலோ வரையுள்ள பன்றிக்கு 100 கிலோ தீவனம் கலக்கிறோம். தாது உப்பு, வைட்டமின், சாதா உப்புக்கு 3 கிலோ ஒதுக்கிவிட்டால் மீதி 97 கிலோ. மக்காச்சோளத்தில் செரிக்கக்கூடிய லைசின் 0.185 சதவீதம், தோல் நீக்கிய சோயா புண்ணாக்கில் 2.63. இரண்டையும் மட்டும் வைத்து 0.98ஐ எட்ட வேண்டுமானால் சோயா 32.7 கிலோ, மக்காச்சோளம் 64.3 கிலோ ஆகும். புரதம் ஏறத்தாழ 21 சதவீதத்தில் வந்து நிற்கும். லைசின் மட்டும் கச்சிதமாக இருக்கும். மற்ற பலவும் தேவைக்கு மேல் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் போகும்.

இப்போது கடையில் பையில் விற்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடு 150 கிராம் சேர்ப்போம். அதன் எடையில் 78.8 சதவீதம் சுத்த லைசின். சோயா 27.9 கிலோவாக இறங்குகிறது. 150 கிராம் பொடி கிட்டத்தட்ட 5 கிலோ புண்ணாக்கை வெளியே அனுப்பிவிட்டது. அந்த இடத்தில் மலிவான மக்காச்சோளம் வந்து உட்காருகிறது. இங்கே திரியோனினைக் கணக்கிட்டுப் பார்த்தால் 0.59 சதவீதம் வருகிறது. பன்றியின் தேவையும் 0.59. மெத்தியோனின், சிஸ்டின் ஜோடியும் இந்த இடத்தில்தான் விளிம்புக்கு வந்திருக்கிறது. அமெரிக்கப் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிய வாய்வழிக் கணக்கு ஒன்று உண்டு: டன்னுக்கு 3 பவுண்டு லைசின், அதற்கு மேல் போகாதே. அவர்களது டன் 2,000 பவுண்டு, ஆகவே நம் டன்னில் அது ஒன்றரைக் கிலோ. அந்த எல்லை ஏன் அங்கே விழுந்தது என்பதற்கு விடை இந்தத் திரியோனின்தான்.

எல்லையைத் தாண்டி 300 கிராம் லைசின் போட்டால் சோயா 23 கிலோவுக்கும் புரதம் 17 சதவீதச் சொச்சத்துக்கும் இறங்கும். ஆனால் திரியோனின் 0.52இல் நின்றுவிடும். தனித் திரியோனின் 70 கிராம் வாங்கிப் போட்டால் அந்தப் பள்ளம் நிரம்பும், கொஞ்சம் மெத்தியோனினும் வேண்டியிருக்கும். இன்னும் கீழே போனால் டிரிப்டோபான், பிறகு வாலின். திரியோனினும் மற்றவையும் மலிவாகக் கிடைக்காத காலத்தில் ஒன்றரைக் கிலோதான் சுவர். அவை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வர வரச் சுவரும் பின்னால் தள்ளிப் போனது.

இந்த அமிலங்களைச் செய்வது யார்? பாக்டீரியாக்கள். ஜப்பானில் கியோவா ஹக்கோ நிறுவனத்தின் கினோஷிதா குழு 1956இல், டோக்கியோவின் உயெனோ விலங்குக் காட்சிசாலையில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. இன்று அதன் பெயர் கோரினிபாக்டீரியம் குளூட்டாமிகம். அவர்கள் தேடியது சமையல் சுவையூட்டிக்கான குளூட்டாமிக் அமிலத்தை. சில ஆண்டுகளுக்குள் அதன் திரிபுகளை வைத்து லைசினும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மெத்தியோனினை வேதியியல் ஆலையிலேயே செய்யலாம். அப்படிச் செய்யும்போது வலது இடது என இரு வடிவங்களும் பாதிக்குப் பாதி கலந்து வரும், ஆனால் பன்றியின் உடல் உதவாத வடிவத்தையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும். லைசினில் அந்தச் சலுகை கிடையாது, தவறான வடிவம் அப்படியே வீண். சரியான வடிவத்தை மட்டும் செய்யத் தெரிந்த உயிர் தேவைப்பட்டது. அந்த உயிருக்கு உணவு மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த சர்க்கரை, அல்லது கரும்பாலைக் கழிவுப்பாகு, கூடவே அம்மோனியா. மக்காச்சோளத்தில் போதாத லைசினை மக்காச்சோளத்தைக் கொண்டே செய்து, திரும்ப மக்காச்சோளத்தோடு கலந்து பன்றிக்குக் கொடுக்கிறோம்.

லைசின் ஒரு கிலோ என்ன விலை பெறும்? ஆலையில் செய்ய ஆகும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்குகிறவர் எவ்வளவு வரை கொடுக்கத் தயங்க மாட்டார் என்பது சுவாரசியமான கேள்வி. 100 கிலோ சோயா புண்ணாக்கின் இடத்தை 97 கிலோ மக்காச்சோளமும் 3 கிலோ லைசினும் சேர்ந்து பிடிக்கும் என்பது பழைய சூத்திரம். கணக்குக்காக சோயா கிலோ 45 ரூபாய், மக்காச்சோளம் 24 ரூபாய் என்று வைப்போம். சோயா 100 கிலோ 4,500 ரூபாய். மக்காச்சோளம் 97 கிலோ 2,328 ரூபாய். வித்தியாசம் 2,172. அதை 3 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோ 724 ரூபாய். அந்த விலைவரை லைசின் வாங்குவதில் பண்ணைக்கு நட்டமில்லை. சோயா 60 ரூபாய்க்கு ஏறினால் இந்தக் கூரை 1,224 ரூபாய்க்குப் போய்விடும். லைசின் விலையின் கூரை, லைசின் ஆலையில் இல்லை. சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது.

இப்படி ஒரு பொருள், தயாரிப்பவர் நாலைந்து பேர், வாங்குகிறவர் கூரை வரை முணுமுணுக்காமல் கொடுப்பார். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. 1991இல் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் இல்லினாய்ஸில் மாபெரும் லைசின் ஆலையைத் திறந்தது. அதுவரை ஜப்பானியரும் கொரியரும் ஆண்ட சந்தையில் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. 1992 ஜூனில் போட்டியாளர்கள் மெக்சிகோ நகரில் கூடிப் பேசினார்கள். யார் எத்தனை டன் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். வெளியே சொல்ல ஓர் அமினோ அமிலத் தயாரிப்பாளர் சங்கம். விலை மீண்டும் ஏறியது.

அந்த அமெரிக்க நிறுவனத்தின் லைசின் பிரிவுக்குத் தலைவர் மார்க் விட்டேக்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஊட்ட உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1992 நவம்பரில் அவரே எஃப்.பி.ஐ.யிடம் இந்தக் கூட்டுச் சதியைச் சொல்லிவிட்டார். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் சக வியாபாரிகளின் பேச்சைப் பதிவுசெய்து கொடுத்தார். 1995 ஜூனில் சோதனை நடந்தது. 1996இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, லைசின், சிட்ரிக் அமிலம் இரண்டுக்கும் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அன்றைக்கு அதுவே மிகப் பெரிய அபராதம். விட்டேக்கரோ உளவு சொன்ன அதே காலத்தில் நிறுவனத்திலிருந்து லட்சக்கணக்கான டாலர்களைச் சுருட்டியவர் என்று தெரியவந்து நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். 2009இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இதைப் படமாக்கினார். பன்றித் தீவனச் சேர்மானம் ஒன்றைப் பற்றி ஹாலிவுட் எடுத்த படம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

பண்ணைக்காரரின் பக்கம் திரும்புவோம். அவருக்கு இரண்டு பொருள் மட்டுமா? அரிசித் தவிடு, கம்பு, உடைத்த அரிசி, மீன்தூள், கடலை, எள்ளுப் புண்ணாக்கு என்று பத்துப் பதினைந்து வரும். ஒவ்வொன்றின் விலையும் வாரந்தோறும் மாறும். எது எவ்வளவு போட்டால் எல்லாத் தேவையும் நிறைவேறி, செலவு மிகக் குறைவாக இருக்கும்? இதே கேள்வியை மனிதருக்குக் கேட்டவர் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர். 77 உணவுகள், 9 ஊட்டத் தேவைகள், 1939ஆம் ஆண்டு விலைகள். கையால் கணக்குப் போட்டு, ஆண்டுக்கு 39.93 டாலரில் ஓர் ஆள் உயிர் வாழலாம் என்று 1945இல் எழுதினார். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் நேரியல் திட்டமிடலுக்கு சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்ததும், அதைச் சோதிக்க எடுத்த முதல் பெரிய கணக்குகளில் ஸ்டிக்லரின் உணவும் ஒன்று. மேசைக் கணக்குக் கருவிகளோடு எழுத்தர்கள் உட்கார்ந்து 120 ஆள்நாள் உழைத்து விடை கண்டார்கள்: 39.69 டாலர். ஸ்டிக்லர் தவறவிட்டது 24 சென்ட்.

கோதுமை மாவையும் முட்டைக்கோசையும் உலர் பீன்ஸையும் ஆண்டு முழுதும் தின்ன எந்த மனிதரும் சம்மதிக்கவில்லை. மாடும் பன்றியும் சம்மதித்தன. 1951இல் பிரெடரிக் வா இந்த முறையைக் கறவைமாட்டுத் தீவனத்துக்குப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார். பிறகு கணினி வந்ததும் தீவன ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்று ஒரு சாதாரண விரிதாளே விநாடியில் போட்டுவிடும். கலவையைச் சொல்வதோடு அது இன்னொன்றையும் சொல்லும்: இன்றைய கலவையில் இடம் பெறாத அரிசித் தவிடு எந்த விலைக்கு இறங்கினால் உள்ளே வரும் என்று. நிழல் விலை என்று இதற்குப் பெயர். பேரம் பேசப் போகிறவருக்குக் கலவைப் பட்டியலைவிட இந்த எண் உதவும்.

ஆனால் இந்தக் கணக்கு சொன்னதை அப்படியே நம்புகிற அசடு. லைசின் 0.98 வேண்டும் என்றால் 0.98இல் கொண்டுபோய் நிறுத்தும், ஒரு துளி கூடுதலாக வைக்காது. புத்தகத்தில் சொன்ன லைசின் உங்கள் கொட்டகையில் இறங்கிய மக்காச்சோளத்தில் இருக்குமா? ஒரு லோடு கூடும், ஒரு லோடு குறையும். விளிம்பில் நிற்கும் கலவையில் பாதி நாள் பன்றி பற்றாக்குறையில் இருக்கும். அனுபவமுள்ள கலவையாளர் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் போடுவார்.

அதைவிடப் பெரிய பிழை, மலிவான தீவனம் என்றால் மூட்டை விலை குறைந்த தீவனம் என்று நினைப்பது. கிலோ 30 ரூபாய் தீவனத்தில் 2.8 கிலோ தின்று பன்றி ஒரு கிலோ எடை கூடுகிறது என்றால் செலவு 84 ரூபாய். அமினோ அமிலத்தில் கையை இறுக்கி 28.50 ரூபாய்க்குக் கொண்டுவந்த தீவனத்தில் அதே ஒரு கிலோவுக்கு 3 கிலோ தின்னவேண்டியிருந்தால் 85.50 ரூபாய். தீவனத்தில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம், பன்றியில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் நட்டம். லைசின் குறைந்தால் பன்றிக்கு நோய் வருவதில்லை, தோல் உரிவதில்லை, நொண்டுவதில்லை. நன்றாகத்தான் தின்னும். தசை கட்ட முடியாத ஆற்றலைக் கொழுப்பாக்கிக்கொள்ளும், சந்தைக்குச் சில வாரம் பிந்திப் போகும். தராசு வைக்காத பண்ணையில் இது யார் கண்ணிலும் படாது. பன்றி வளர்ப்பின் மொத்தச் செலவில் தீவனம் 60 முதல் 70 சதவீதம் என்பதால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத நட்டம் சின்னது அல்ல.

தமிழ்நாட்டில் பல வெண்பன்றிப் பண்ணைகள் ஓட்டல், விடுதி உணவு மிச்சத்தை நம்பியிருக்கின்றன. சும்மா கிடைப்பதோடு போட்டி போட எந்தத் தீவனத்தாலும் முடியாதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி சோறும் தண்ணீரும். அரிசிப் புரதத்தில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் அளவுக்குத்தான் லைசின், பன்றித் தசைப் புரதத்துக்கு வேண்டியது 7 கிராம். சாம்பாரில் வரும் பருப்பு கொஞ்சம் ஈடுகட்டும், அதுவும் அன்றன்றைக்கு என்ன மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. மிச்சத்தோடு நாளுக்குக் கொஞ்சம் சோயா புண்ணாக்கும் தாது உப்பும் வைக்கிற பண்ணையில் குட்டிகள் முந்தி வளர்வதற்குக் காரணம் இந்த லைசின் பள்ளம் நிரம்புவதுதான். உணவு மிச்சத்தைக் கொதிக்கவைக்காமல் கொடுக்கக்கூடாது என்பது வேறு காரணத்துக்காக: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் வேகாத இறைச்சித் துண்டில் பிழைத்திருக்கும். இந்தியாவில் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் அது முதன்முதலாக உறுதியானது.

உலகிலேயே அதிகப் பன்றிகள் உள்ள நாட்டுக்கு இந்தக் கணக்கு பண்ணையோடு முடிவதில்லை. சீனா ஆண்டுக்கு 10 கோடி டன் அளவுக்குச் சோயா இறக்குமதி செய்கிறது. 2018இல் அமெரிக்காவோடு வர்த்தகச் சண்டை மூண்டதும் அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சீனத் தீவனத் தொழில் சங்கம் பன்றித் தீவனத்தின் புரத அளவை ஒன்றரைச் சதவீதப் புள்ளி குறைத்துப் புதிய தரம் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் வேளாண் அமைச்சகம் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது: 2022இல் தீவனத்தில் 14.5 சதவீதமாக இருந்த சோயா புண்ணாக்கை 2025க்குள் 13 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஒன்றரைப் புள்ளிதானே என்று தோன்றலாம். நாட்டின் மொத்தத் தீவனத்தில் அது லட்சக்கணக்கான டன் புண்ணாக்கு. இறக்குமதியைக் குறைக்க அவர்கள் கையிலிருக்கும் கருவி லைசினும் அதன் பங்காளிகளும். உலக லைசின் உற்பத்தியில் பெரும்பங்கு இப்போது சீனாவில்தான் நடக்கிறது.

எவ்வளவு கீழே போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. புரதத்தை மூன்று நான்கு புள்ளி குறைக்கும்வரை, பள்ளங்களை நிரப்பிக்கொண்டே வந்தால் பன்றி வித்தியாசம் காட்டுவதில்லை. அதற்குக் கீழே வாலினும் ஐசோலியூசினும் ஹிஸ்டிடினும் வரிசையில் வந்து நிற்கின்றன. மக்காச்சோளத்தில் லியூசின் வேறு மிகையாக இருப்பதால் அது வாலினையும் ஐசோலியூசினையும் சேர்த்துச் சிதைத்துவிடுகிறது. தானே செய்துகொள்ளும் அமினோ அமிலங்களுக்கும் உடலுக்கு நைட்ரஜன் வேண்டுமே, அதுவும் ஒரு கட்டத்தில் தட்டுப்படும். ஆயினும் பால்குடி மறந்த குட்டிகளுக்குக் குறைந்த புரதம் நல்லது என்பதை ஐரோப்பியர் இப்போது விரும்பி ஏற்கிறார்கள். செரிக்காத புரதம் பெருங்குடலில் நொதித்துக் கழிச்சலை உண்டாக்கும். அதை அடக்கிவந்த அதிக அளவுத் துத்தநாக ஆக்சைடு மருந்துக்கு 2022 ஜூனோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை வந்துவிட்டது.

இந்த நிலையில் 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் சீன லைசினுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. காப்பாற்ற நினைத்தது பிரான்சின் அமியேன் நகரிலுள்ள ஒரே ஒரு லைசின் ஆலையை. உள்நாட்டில் ஓர் ஆலையாவது மிஞ்சட்டும் என்ற எண்ணத்தைக் குறைசொல்ல மாட்டேன். 1992இல் மெக்சிகோ நகரில் நடந்ததை அறிந்தவர்கள் ஒரே நாட்டை நம்பியிருக்கப் பயப்படுவது நியாயம். வரியால் பண்ணைகள் சோயாவுக்குத் திரும்பிவிடுமா என்று கேட்டால், கூரைக் கணக்கு இல்லை என்கிறது. வரி சேர்ந்தும் லைசின் விலை அந்தக் கூரைக்குக் கீழேதான் நிற்கும். கலவை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கூடுதல் செலவைப் பன்றி வளர்ப்பவர் கட்டுவார்.